நாலு ஊர் பீர்

பீரைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவனுக்கு முதல் சங்கடம், அதன் ருசியைச் சொல்ல நம்மிடம் வார்த்தைகள் புழக்கத்தில் இல்லாததுதான். மயிலாப்பூரில் காப்பியைப் பற்றி எவ்வளவு நுட்பமாகப் பேசுகிறார்கள்! டிகாக்ஷன் முதலாவதா இரண்டாவதா, கொட்டை பீபரியா பிளாண்டேஷனா, சிக்கரி கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டதா என்று ஒரு வாய் குடித்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடும் பெரியவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களிலேயே பீர் குடிக்கிற ஒருவரைப் பிடித்து, "எப்படி ஸார் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நன்றாக ஏறிற்று" என்பார். அல்லது "ஏறவே இல்லை" என்பார். நாக்கு அங்கே சாட்சி சொல்ல வருவதே இல்லை.

இத்தனைக்கும் காப்பி ஒன்றும் பிறக்கும்போதே ஆசாரமாகப் பிறந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையும் கள்ளோடு சேர்த்துப் பழித்து எழுதியவர்கள் உண்டு. நாலு பேர் எதிரே, உட்கார்ந்து, நிதானமாகக் குடிக்கக் குடிக்கத்தான் அதற்கு மரியாதையும் வந்தது, பாஷையும் வந்தது.

நான் பீரை ருசி பார்க்கக் கற்றுக்கொண்டது வெளியூர்களில். மியூனிக் நகரத்தில் மரத்தடியில் நீளப் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். குவளை ஒரு லிட்டர். பானத்தைத்தான் அங்கே வாங்க வேண்டுமே தவிர, சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். பாட்டி, மருமகள், பேரன் என்று குடும்பமே எதிர்ப் பெஞ்சில் ரொட்டியும் முள்ளங்கியுமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பிரதேசத்தில் 1516-ல் ஒரு சட்டம் செய்தார்கள்: பார்லி, ஹாப் பூ, தண்ணீர் தவிர பீரில் வேறொன்றும் சேரக்கூடாது. ஈஸ்ட் பற்றி அதில் பேச்சே இல்லை. அது உயிருள்ள வஸ்து என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில், செக் நாட்டில், பில்சன் இருக்கிறது. 1842-ல் யோசப் கிரோல் என்ற பவேரியாக்காரர் அங்கே வந்து பொன்னிறமாக ஒரு பீர் காய்ச்சினார். இன்று உலகத்தில் விற்கிற பீரில் பெரும்பகுதி அதன் பிள்ளை, பேரன்தான். பில்சன் தண்ணீரில் உப்புக்களே மிகக் குறைவு. அதனால் ஹாப்பின் கசப்பு முரடாக இல்லாமல் இறங்குகிறது. எங்கள் வீட்டு வேப்பம்பூ ரசத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். முதலில் கசப்பு, பிறகு ஒரு சுத்தம்.

டப்ளினில் தண்ணீர் நேர்மாறு, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அதற்குக் கருக வறுத்த தானியம்தான் சரிப்பட்டு வரும். கின்னஸ் கறுப்பாக இருப்பதற்கு ருசி மட்டுமல்ல, அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். ஆர்தர் கின்னஸ் 1759-ல் தம் ஆலைக்கு இடம் எடுத்தபோது, வருஷம் 45 பவுன் வாடகைக்கு 9000 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டார். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு மேல் கையெழுத்துப் போடாத தியாகராய நகர் வீட்டுக்காரர்களோடு பழகியவனுக்கு அது ஒரு புராணக் கதை மாதிரி இருந்தது.

நாலாவது ஊர் நமக்கு மிக அருகில், இலங்கையின் நுவரெலியா. தேயிலை மலையில் 1881 முதல் நடந்த ஆலை அது. பிற்பாடு கொழும்புப் பக்கம் பியகமவுக்கு வந்துவிட்டது. அவர்களுடைய லயன் ஸ்டவுட்டைக் கொழும்பில் குடித்தேன். கருப்பட்டி, முற்ற வறுத்த காப்பிக்கொட்டை, அடிப்பிடித்த பாயசத்தின் ஓரம் என்று தமிழ் வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாஷையில் குறை ஒன்றும் இல்லை என்று.

குறை இருக்க நியாயமும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைதானியத்தை இடித்துக் கலந்து, வாய் கெட்டியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். முளைவிட்ட தானியம் மாவை இனிப்பாக மாற்றுகிறது, இனிப்பு புளித்து மதுவாகிறது. மியூனிக்காரர் செய்வதும் இதேதான். பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். நம்முடைய சென்னையும் தொண்டை நாடுதான்.

பிறகு கப்பலில் பீர் வந்தது. இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டியும் கெடாதிருக்க ஹாப்பை அதிகம் போட்டு லண்டன் ஹாட்ஜ்ஸன் ஆலை அனுப்பிய சரக்கின் வழியில்தான் 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரே உண்டாயிற்று. பிறகு நீலகிரியிலேயே காய்ச்சினார்கள். அங்கும் பெங்களூரிலும் இருந்த ஆலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் ஒன்றுசேர்த்ததுதான் யுனைடெட் ப்ரூவரீஸ்.

அப்புறம் மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார், 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971-ல் எடுத்தார்கள், 1974-க்குள் மறுபடி போட்டார்கள், 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள். 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசாங்கத்துடையதே. பனையிலும் தென்னையிலும் இறங்குகிற கள்ளுக்கு 1987 முதல் தடை. ராஜஸ்தான் பார்லியும் கடல் கடந்து வந்த ஹாப்பும் சேர்ந்த பீருக்குத் தடை இல்லை. இப்படி மூடியும் திறந்தும் பழகிய ஊரில் மனிதன் நிதானமாகக் குடிக்க எங்கே கற்றுக்கொள்வான்? கிடைத்தபோது, மறைவில், மடமடவென்று குடிக்கத்தான் கற்றுக்கொண்டான். கடையில் அவன் கேட்பதும் ஒரே கேள்வி: "ஸ்ட்ராங்கா?"

இந்த விளக்கத்தை ஸ்நேகிதர்களிடம் பல தடவை சொல்லித் திருப்திப்பட்டிருக்கிறேன். ஆனால் என் புத்தக அலமாரியின் மேல், ஊர்களிலிருந்து கொண்டுவந்த நாலைந்து காலி பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. தெருமுனையில் இஸ்திரி போடுகிற அம்மாள் ஒரு நாள் துணி கொடுக்க உள்ளே வந்தவள் அவற்றைப் பார்த்தாள்.

"இன்னா ஸார், பாட்டிலா அடுக்கி வச்சிருக்கீங்க?"

"வெளிநாட்டு பீர் அம்மா. ஒண்ணொண்ணும் ஒரு ருசி" என்றேன்.

"எங்க வூட்லயும் நெறைய கெடந்திச்சு ஸார். ருசி இன்னான்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்லை. நின்னுக்கினே குடிச்சுட்டு வருவாரு." துணிகளை எண்ணி வைத்தாள். "இருந்தா கேட்டிருக்கலாம்."

புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். பில்சன் தண்ணீரைப் பற்றியோ, 1971-ஐப் பற்றியோ அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ருசி பார்ப்பதற்கு நாக்கு மட்டும் போதாது. உட்கார ஓர் இடம் வேண்டும், வயிற்றில் சாப்பாடு வேண்டும், குடித்தது போக வீட்டுக்குக் கொண்டுபோகக் கூலி மிச்சம் வேண்டும். மியூனிக் மரத்தடியில் இருந்தவர்களுக்கு இவை இருந்தன. எனக்கும் இருக்கின்றன. அவள் புருஷனுக்கு இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. இவை எல்லாம் உள்ள வீடுகளிலும் குடி புகுந்து அழித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவை இல்லாத மனிதனிடம் போய், பீரை மெதுவாகக் குடி, மணம் பார், கருப்பட்டி வாசனை வருகிறதா சொல் என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது.

பாட்டில்களை நான் எடுத்துவிடவில்லை. கொழும்பிலிருந்து கொண்டுவந்த இன்னொரு ஸ்டவுட் திறக்காமல் இருக்கிறது. ஒரு மழைநாள் சாயங்காலம், வேலை முடிந்து, சாப்பாட்டுக்குப் பின் திறப்பேன். நன்றாகத்தான் இருக்கும்.