அடிப்பக்கம்

சிறிதாக்கப்பட்ட பொருட்களைப் பற்றி நம்மிடையே ஒரு அலட்சியம் இருக்கிறது. பிள்ளைகளுக்கானது, பொழுதுபோக்கு, மிஞ்சிப்போனால் அலுமாரியில் வைக்கிற தாஜ்மகால். கலையைப் பற்றிக் கதைக்கும்போது 'தத்ரூபம்' என்ற சொல்லையே ஒரு வசையாக்கி வைத்திருக்கிறோம். எட்டு வருஷங்களாக நான் ஒரு மொடல் கழகத்துக்குப் போய்வருகிறேன். விவரங்களைப் பற்றி, அவற்றின் உண்மை பொய்யைப் பற்றி, இலக்கியக் கூட்டங்களில் கேட்டதைவிடத் தீவிரமான விவாதங்களை அங்கே கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

கழகம் கூடுவது மன்செஸ்டருக்குத் தெற்கே, ஸ்டொக்போர்ட் பக்கம், ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரைக்கு. இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் அறுபது கடந்த ஆண்கள். தபால்காரராக இருந்தவர், பஸ் ஓட்டியவர், பல்வைத்தியர், கணித ஆசிரியர். மடக்கு மேசைகளை விரித்துத் துணிபோட்டு, முடிந்ததையோ பாதியில் நிற்பதையோ ஆளுக்கொன்றாக வைக்கிறார்கள். கொதிக்கிற கேத்தில், பிஸ்கற் தகரம், தேநீர்க் காசு போட ஒரு போத்தல். முதல் அரைமணி நேரம் அதிகம் கதை இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேசை விளிம்பு மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார்கள். எழுதியவனை அருகில் வைத்துக்கொண்டு ஒரு கவிதையை இப்படிக் குனிந்து பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

குளிர்காலத்தில் ஒருவர் மற்றவர்களுக்கு வேலை காட்டுவார். சாயம் தெளிப்பது, வெயிலில் வெளிறிய பச்சையைக் கொண்டுவருவது, இழுத்து மெலிதாக்கிய பிளாஸ்டிக் நூலில் வானொலிக் கம்பி கட்டுவது. வருஷத்துக்கொரு போட்டி உண்டு. நவம்பரில் டெல்ஃபோர்டில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு மூன்று நான்கு காரில் போவார்கள். உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் அவர் வாங்கிவைத்துத் திறக்காத பெட்டிகள் கழகத்து மேசைக்கு வரும். நூறு, இருநூறு, சிலரிடம் அதற்கும் மேல். விற்ற காசு மனைவியிடம் போகும். கட்டாத பெட்டிகளின் எண்ணிக்கையைப் பற்றி அவர்கள் பகிடி விடுவார்கள். ஆனால் அந்த மேசையில் யாரும் விலை பேசுவதில்லை.

இவர்களுடைய விகிதம் 1/72. ஆறடி மனிதன் ஓர் அங்குலம். 1930களில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரப்பெட்டிகள் இந்த விகிதத்தில் வந்தன. 1936இல் ஃப்ரொக் கொம்பனி பிளாஸ்டிக்கில் கொண்டுவந்து 'பெங்குவின்' என்று பெயர் வைத்தது. அந்தக் கொம்பனியின் மற்ற மொடல்கள் பறக்கும், இவை பறக்காத பறவைகள் என்பதால். யுத்தத்துக்குப் பிறகு எயார்ஃபிக்ஸ் வந்து, வூல்வேர்த் கடைகளில் பையில் போட்டு மலிவாக விற்றதோடு இது ஒரு தலைமுறைப் பையன்களின் கைவேலையாயிற்று. கழகத்தில் இருப்பவர்கள் அந்தப் பையன்கள்தான்.

முதல் வருஷத்திலேயே எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம், அளவைச் சரியாகப் பின்பற்றுவதால் உண்மை வந்துவிடுவதில்லை என்பது. ஒரு மில்லிமீற்றர் தடித்த பிளாஸ்டிக் இறக்கை விளிம்பு, உண்மையில் ஏழு சென்ரிமீற்றர் தடித்த விளிம்பு. அப்படி ஒரு விமானம் உலகில் இல்லை. 0.2 மில்லிமீற்றர் புடைத்திருக்கிற ஓர் ஆணித்தலை, உண்மையில் பதினான்கு மில்லிமீற்றர் எழும்பி நிற்கும். சரியான அளவில் ஆணியை வைத்தால் அது கண்ணுக்கே தெரியாது. வைக்காவிட்டால் தகடு தகடாகத் தெரியாது. சாயமும் அப்படித்தான். உண்மையான விமானத்தின் சாயத்தையே எடுத்து மொடலுக்குப் பூசினால் கறுத்துப்போய்த் தெரிகிறது. தூரத்திலிருக்கும் பொருளுக்கும் நமக்கும் இடையில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றையும் சாயத்தில் கலக்கவேண்டும், கொஞ்சம் வெள்ளையாக. நிறையைக் கேட்கவே வேண்டாம். கலிலியோ 1638இலேயே சொல்லிவிட்டுப் போனதுதான்: நீளம் 72 பங்கு குறையும்போது நிறை 3,73,248 பங்கு குறைகிறது. முப்பது தொன் லங்காஸ்டர் எண்பது கிராமாகிவிடும்.

ஆகவே கழகத்தில் இரண்டு கட்சிகள். அளவுகோலே பிரமாணம் என்பவர்கள். 'ஆணி எண்ணுகிறவர்கள்' என்று இவர்களுக்குப் பெயர். கண்ணுக்கு எப்படிப் படுகிறதோ அதுவே பிரமாணம் என்பவர்கள் மற்றவர்கள். நம் யதார்த்தவாதச் சண்டைகள் இதைவிட அதிகமாக எதையும் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வித்தியாசம், இவர்கள் சண்டை முடிந்து போத்தலில் காசைப் போட்டுத் தேநீர் குடிக்கிறார்கள்.

ஆனால் இரு கட்சியும் ஒத்துப்போகிற ஒரு கேள்வி உண்டு. புதிதாக எதை மேசையில் வைத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்: எந்தத் தேதி? ஒரு ஸ்பிட்ஃபயரைக் கட்ட முடியாது. இன்ன எண்ணுள்ள ஸ்பிட்ஃபயர், இன்ன படைப்பிரிவில், இன்ன மாதத்தில் இருந்தபடிதான் கட்டமுடியும். ஒகஸ்ட்டில் இருந்த அடையாளம் நவம்பரில் மாறியிருக்கும். ஒரு தகடு புதிதாகப் போட்டிருப்பார்கள், அதன் நிறம் மற்றதோடு ஒட்டாது. பொதுவான விமானம் என்று ஒன்று கிடையாது. 'மனிதன்', 'வாழ்வு', 'சோகம்' என்று எழுதிக்கொண்டே போகிற நம் கவிஞர்கள் சிலரை ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டிப்போக ஆசைப்பட்டிருக்கிறேன்.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளிவந்த தன் புத்தகத்தில் சிறு உருவங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். பெரிய பொருளைப் பகுதி பகுதியாகத்தான் அறிகிறோம். சிறிதாக்கப்பட்டதில் முழுமை முதலில் கைக்கு வந்துவிடுகிறது, பகுதிகள் பிறகு. பொருளின் மேல் நமக்கு ஓர் அதிகாரம் கிடைத்தது போல் ஆகிறது. சரிதான். ஆனால் அந்த அதிகாரம் எங்கே நின்றுகொண்டு கிடைக்கிறது என்ற கேள்வி மீதமிருக்கிறது. முப்பது சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து ஒரு 1/72 மொடலைப் பார்க்கிறேன் என்றால், உண்மை விமானத்தை ஏறக்குறைய இருபத்திரண்டு மீற்றரிலிருந்து, அநேகமாக மேலேயிருந்து, பார்க்கிறேன் என்று அர்த்தம். விமானத்தை மேலேயிருந்து பார்த்தவர்கள் மனித குலத்தில் மிகச் சிலர். கழகத்து மேசைகளில் உள்ள விமானங்கள் எல்லாம் அந்த மிகச் சிலரின் கண்ணுக்காகக் கட்டப்பட்டவை. சக்கரத்தில் நிற்கிற மொடலின் அடிப்பக்கம் போட்டிக்குக்கூட அதிகம் பொருட்டில்லை. அவசரத்தில் முடிப்பவர்கள் அங்கேதான் கைவிடுவார்கள்.

எங்கள் கழகத்தின் பிரதேசம் அவ்ரோ விமானங்களின் பிரதேசம். 1910இல் மன்செஸ்டரில் தொடங்கிய கொம்பனி. லங்காஸ்டர்கள் பலவற்றை வுட்ஃபோர்டில்தான் பூட்டி முடித்தார்கள். ஆகவே எப்போதும் ஏதாவதொரு மேசையில் ஒரு லங்காஸ்டர் இருக்கும். 1943இல் ஹம்பர்க்கும் 1945இல் டிரெஸ்டனும் எரிந்தது எல்லோருக்கும் தெரியும், தேதிகளோடு தெரியும். குண்டுகளையும் அவர்கள் மிகச் சுத்தமாகச் செய்கிறார்கள். கீழே இருந்தது மட்டும் மேசைத்துணி.

வுட்ஃபோர்டில் வேலைசெய்த ஒருவர் எங்களோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். 1960இல், பதினாறு வயதில், பயிலுநராகச் சேர்ந்தவர். அந்த வருஷம் ஜூன் 24ஆம் தேதிதான் அவ்ரோ 748 அங்கிருந்து முதல்தடவை பறந்தது. இரண்டு ரோல்ஸ்-ரோய்ஸ் டார்ட் எஞ்சின், தாழ்ந்த இறக்கை, ஐம்பது பேர்வரை ஏறலாம். 1988வரை ஏறக்குறைய 380 கட்டினார்கள். அதில் 89 இந்தியாவில், கான்பூரில். அவருடைய வேலை வயிற்றுப்பக்கம், இறக்கை உடலோடு சேருமிடம். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே தகட்டை வைத்து ஆணி அடித்த வருஷங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் 748ஐக் கட்டத் தொடங்கினார். எளிதில் பெட்டியாகக் கிடைக்கிற விமானமல்ல. வரைபடத்தை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டித் தானே செய்தார். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர்.

எனக்கு அந்த விமானத்தைத் தெரியும் என்றேன். எந்தத் தேதி, என்று கேட்டார்.

இரண்டு தேதிகள் இருந்தன. என் சிறுவயதில் எயார் சிலோனின் அவ்ரோ இரத்மலானையிலிருந்து பலாலிக்கு வரும். கொழும்பில் உத்தியோகம் பார்த்த பெரியப்பா ஒருமுறை அதில் வந்திறங்கினார். ஊரில் ஒரு கிழமைக்கு அதுவே கதை. பிறகு 1986, 1987. அப்போது அதே வகை விமானம் யாழ்ப்பாணத்தின் மேல் குண்டு போடுகிற விமானமாயிற்று. கதவு வழியாகப் போடுவார்கள். இத்தாலியில் செய்த சிறிய மார்ச்செட்டிக்கு ஊர் வைத்த பெயர் சியாமாச்செட்டி. இதற்கு அவ்ரோ என்ற பெயரே போதுமாயிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை சத்தத்தை வைத்து எது என்று சொல்லும். எது என்று தெரிந்தால்தான் பங்கருக்கு ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியும்.

அடிப்பக்கம் என்ன நிறம் என்று அவர் கேட்டார். கேட்பது நியாயம், அவர்களுக்கு அது முக்கியம். கறுப்பு என்றேன். அந்த விமானங்களுக்குக் கறுப்பு அடித்திருக்கமாட்டார்களே என்றார். வெயிலுக்கு எதிராக நிமிர்ந்து பார்க்கிறவனுக்கு எல்லா விமானமும் கறுப்பு. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர மொடல்கள் கேட்டு வாங்கியது, எதிரி எது நம்மவன் எது என்று இனங்காணப் பழக்குவதற்காக. அவையும் 1/72. முழுக்கக் கறுப்பு. மேசைக்கு மேலிருந்து அல்ல, தலைக்கு மேல் பிடித்துப் பார்ப்பதற்காகச் செய்தவை. கழகத்தில் எல்லோருக்கும் இந்த வரலாறு தெரியும். என் பதிலோடு அதைச் சேர்த்துப் பார்த்தபோது மேசையைச் சுற்றி நின்றவர்கள் சற்று நேரம் பேசவில்லை.

அவர் கடைசியில் எந்த நாட்டு அடையாளமும் வைக்கவில்லை. சாயம் பூசுவதற்கு முந்திய பச்சைப் பூச்சோடு, தொழிற்சாலையை விட்டு வெளியேறாத நிலையில் முடித்தார். 'என் விமானம் படலையோடு முடிந்தது' என்றார். இதை நான் ஏற்கவில்லை, அவரிடமே சொன்னேன். படலைக்கு வெளியே போகாவிட்டால் அது விமானமே அல்ல. வாங்கியவன் என்ன செய்தான் என்பதற்கு ஆணி அடித்தவன் பொறுப்பா என்று கணித ஆசிரியர் கேட்டார். பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. தேதியை அவ்வளவு முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதும் ஒரு இடத்தில் நிற்பதுதான் என்றேன். விவாதம் மூன்று கூட்டங்களுக்கு நீண்டது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். கழகத்தில் நான் பார்த்ததிலேயே மிகக் கவனமாகச் செய்யப்பட்ட அடிப்பக்கம் அதுதான். அவர் அதை ஒரு கண்ணாடியின் மேல் நிறுத்தினார், குனிந்தால் தெரியும்படி.

நம் எழுத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. யுத்தத்தைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறோம், பெரும்பாலும் தூர தேசங்களில் இருந்துகொண்டு. விவரங்கள் சரியாகவே இருக்கின்றன. விமானத்தின் வகை, ஷெல்லின் பெயர், சந்தியின் பெயர், தேதி. ஆனால் வாசிக்கும்போது பல சமயம் நான் மேசைக்கு மேலே நிற்கிறேன். முழுமை முதலிலேயே என் கைக்கு வந்துவிடுகிறது. பங்கருக்குள் இருந்தவனுக்கு முழுமை கிடையாது. ஒரு சத்தம், ஒரு சதுர வெளிச்சம், பக்கத்திலிருப்பவரின் முழங்கை, அவ்வளவுதான். விவரம் போதாது என்பதல்ல என் குறை. அது எங்கே நின்று சேகரிக்கப்பட்டது என்பதே.

சென்ற மார்கழியில் நான் ஒரு பங்கரைக் கட்டத் தொடங்கினேன், அதே 1/72இல். 'ட' வடிவக் குழி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண் நிரப்பிய உரப்பைகள். மேலிருந்து பார்த்தால் ஒரு மண்மேடு, வேறொன்றுமில்லை. மேசையில் வைத்தபோது வழக்கமான கேள்வி வந்தது. 1987, சித்திரை என்றேன். தபால்காரர் பனையின் செதில்களைப் பற்றி விசாரித்தார். முப்பது சென்ரிமீற்றர் குற்றிக்கு நான்கு மில்லிமீற்றர் தடிப்பு. கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். வுட்ஃபோர்ட்காரர் கைவிளக்கை வாங்கி, மேசை மட்டத்துக்குக் குனிந்து, வாசல் வழியாக உள்ளே நெடுநேரம் பார்த்தார். உள்ளே இருந்துகொண்டு விமானம் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். சத்தம், என்றேன். 'டார்ட்' என்றார். எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்க்கிற நாட்களில் காதுக்குப் பஞ்சு வைத்தாலும் பல்லில் கேட்கும் என்றார். பல்லில்தான், என்றேன்.