இலையுதிர் காலத்தில் எழுதிய தீர்மானம்



புத்தாண்டு பிறந்ததும் தீர்மானம் எழுதுவது பள்ளிப் பிள்ளைகளின் வழக்கம். வைகறையில் துயில் எழுவோம், நாள்தோறும் பாடம் படிப்போம், பெற்றோர் சொற்கேட்டு நடப்போம் என்றெல்லாம் எழுதி மகிழ்வோம். ஆனால், துக்கம் நிகழ்ந்த வீட்டில் புத்தாண்டு பிறந்தால் அங்கே என்ன தீர்மானம் எழுதுவது? இக்கேள்விக்கு நாங்கள் ஓராண்டு முழுவதும் விடை தேடினோம். அதனையே இங்குக் கூற விழைகிறோம். எழுதும் கை ஒருவருடையதே ஆயினும், நினைவு உடன்பிறந்தார் எங்கள் மூவருக்கும் உரியது.

1978-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் எங்கள் தந்தையார் காலமானார். அவர் பால்வெட்டுத் தொழிலாளி. சில நாள் காய்ச்சலில் படுத்தவர் பிறகு எழவேயில்லை. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து உறவினர் தத்தம் ஊர் திரும்பினர். அக்காலத்தில் சனவரித் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும். அக்காள் ஆறாம் வகுப்பிலும், நடுப்பிள்ளை ஐந்தாம் வகுப்பிலும், தம்பி முதல் வகுப்பிலும் சென்று அமர்ந்தோம்.

“இப்புத்தாண்டில் நான் செய்யப் போவன” என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதிவருமாறு ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பணித்தார். அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்தோம். தாள் வெறுமையாகவே கிடந்தது. பொய்யாக எழுதலாமா என்றுகூட எண்ணினோம். முந்தைய ஆண்டில் எழுதிய வரிகளையே மீண்டும் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால், அவ்வரிகளில் ஒன்று “அப்பா வாங்கித் தரும் புதிய பேனாவால் அழகாக எழுதுவேன்” என்பது. அதைக் கண்டதும் எழுதுகோல் நகர மறுத்தது.

அந்நாளில் எங்கள் வீட்டை ஆட்கொண்டிருந்தது அழுகையன்று, மௌனம். அப்பாவின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. அவருடைய மிதிவண்டி கோணிச் சாக்கால் மூடப்பட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. ஒருவர் பேசினால் மற்றவர் அழுவாரோ என்று ஒவ்வொருவரும் அஞ்சினோம். பொங்கல் வந்தது. எங்கள் வீட்டில் பானை ஏறவில்லை. பக்கத்து வீட்டார் தூக்குச் சட்டியில் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சென்றனர். அந்த அன்பை இன்றளவும் நாங்கள் மறந்தோமில்லை.

அதுவரை வெளிக்காட்டில் களையெடுத்து வந்த அம்மா, அப்பாவின் வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார். அப்பாவின் நிரையையே மண்டோர் அவருக்குக் கொடுத்தார். பழகாத கை; முதல் நாள்களில் கத்தி பட்டையைத் தாண்டி உள்மரத்தில் பட்டுவிட்டது. மண்டோர் கடிந்துகொள்ளவில்லை. “தங்கச்சி, ஆழமா இறக்காதே. மெல்லிசாச் சீவினா பட்டை திரும்பவும் வளரும். உள்ளே பட்டுச்சின்னா அந்த இடம் முண்டு முண்டாப் போயிடும்” என்று கூறி, தாமே இரண்டு மரங்களை வெட்டிக் காட்டினார்.

இரப்பர் மரத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. நட்ட கன்று பால் தருவதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன்பின்னரும் நாள்தோறும் வெட்டாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி மரத்துக்கு ஓய்வளிப்பது வழக்கம். அளவறிந்து சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வெட்டத் தக்கதாகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும். அப்போது பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். ஆயினும், அக்காலத்தில் அனுபவசாலி எவரும் மரத்தை வருத்திப் பால் கேட்பதில்லை.

நாங்கள் எழுதாத தாளைப் பற்றி அக்காள் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கூறினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றுத் தாளை வாங்கிப் பார்த்தார். “மரம் எலையைக் கொட்டுற மாசத்துல நெறையப் பால் கேட்டா அது எங்கே போகும், ஐயா? கொஞ்சமா எழுதுங்க. நம்மால ஆகறதை மட்டும் எழுதுங்க” என்றார்.

அவ்விரவு நால்வரும் கூடி நான்கே வரிகள் எழுதினோம்.

முதலாவது, அப்பா கட்டிவந்த பங்குப் பணம் நிற்கலாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் நோக்கத்தோடு, 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தோன்றியது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அதில் அப்பா மாதம் 10 வெள்ளி கட்டி வந்தார்.

இரண்டாவது, அப்பாவின் மிதிவண்டியை அக்காள் ஓட்டப் பழக வேண்டும்.

மூன்றாவது, தம்பி ஆண்டிறுதிக்குள் அப்பாவின் பெயரைத் தானே எழுத வேண்டும்.

நான்காவது வரியை அம்மாவே சொன்னார். நாள்தோறும் இரவு உணவின்போது அப்பாவைப் பற்றி ஒரு செய்தியேனும் பேச வேண்டும்.

மற்றவர்கள் பக்கம் நிறைய எழுதிவந்தபோது, எங்கள் தாளில் நான்கு வரிகளே இருந்தன. ஆசிரியர் அதைப் படித்தார். ஒன்றும் கூறாமல் தம் மேசை அறையில் வைத்துக்கொண்டார்.

தீர்மானம் எழுதிய கையோடு துயரம் தீர்ந்துவிட்டது என்று கூறினால் அது பொய்யாகும். நான்காவது வரியே மிகக் கடினமாக இருந்தது. முதல் இரவில் தம்பி, “அப்பா சோற்றை உருட்டித் தருவார்” என்றான். அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து சென்றார். அதன்பின் பல இரவுகள் அத்தீர்மானத்தை நாங்கள் மறந்தவர்போல் நடித்தோம். இலையுதிர்ந்த மாதங்களில் கூலி குறைந்தமையால் பங்குப் பணமும் இரண்டு மாதம் நின்றது. அக்காள் மிதிவண்டியோடு கால்வாயில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்.

அவ்வாண்டு மே மாதம் துன் சம்பந்தன் அவர்கள் மறைந்த செய்தி வானொலியில் வந்தது. தோட்டத்தில் பலரும் வாசலில் நின்று அவரைப் பற்றிப் பேசினர். அன்றிரவு அம்மா, தாமாகவே அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதற்பங்கு வாங்கிய நாளில் அப்பா அச்சீட்டை மூன்று முறை மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் இறுதியில் அரிசிப் பானைக்குள் வைத்ததையும், அதைத் தாம் அரிசியோடு உலையில் போடவிருந்ததையும் கூறினார். நாங்கள் சிரித்தோம். ஐந்து மாதங்களுக்குப் பின் எங்கள் வீட்டில் எழுந்த முதற்சிரிப்பு அது. சிரித்த பிறகு ஒருவரையொருவர் பார்த்து அழுதோம். ஆனால், அன்று எவரும் எழுந்து செல்லவில்லை.

மரங்கள் மீண்டும் தழைத்தன. நின்ற பங்குப் பணத்தை அம்மா கட்டி முடித்தார். அக்காள் மிதிவண்டியில் கடைக்குச் சென்று அரிசி வாங்கிவரப் பழகினார். தீபாவளிக்குப் புத்தாடையும் பலகாரமும் இல்லை. விளக்கு மட்டும் ஏற்றினோம். டிசம்பரில் தலைத்திவசத்தன்று, அப்பாவின் படத்தின்கீழ் தம்பி கோணல் மாணலான எழுத்தில் அவர் பெயரை எழுதி வைத்தான். ஓர் எழுத்தில் சுழி பிழைத்திருந்தது. அதைத் திருத்த அம்மா இசையவில்லை. பள்ளி இறுதி நாளில் ஆசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் தந்திருந்தார். அது இன்றும் அக்காளிடம் உள்ளது.

மாணவமணிகளே! எங்கள் தோட்டத்தில் அன்று பால் மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. துயரம் மட்டும் எக்காலத்தும் வீடுகளின் கதவைத் தட்டுகிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோறனி நச்சில் பரவியபோது, அன்புக்குரியவரின் முகத்தை இறுதியாகக் காணவும் இயலாமல் தவித்த குடும்பங்கள் பல. உங்கள் வகுப்பிலும் அத்தகைய தோழர் இருக்கலாம். அவரிடம் “மறந்துவிடு” என்று கூறாதீர்கள். பக்கத்து வீட்டார் பொங்கல் கொண்டுவந்ததுபோல், அருகில் சென்று நில்லுங்கள்.

துக்க வீட்டுப் பிள்ளைகளே! இவ்வாண்டு பெருந்தீர்மானம் எழுத இயலவில்லையே என்று வருந்தாதீர்கள். செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றை எழுதுங்கள். இடையில் தவறினால் மீண்டும் தொடங்குங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்ல அஞ்சாதீர்கள். இலையுதிர்ந்த மரத்தைப் பட்ட மரம் என்று எவரும் வெட்டி வீழ்த்துவதில்லை. தளிர் விடும்வரை காத்திருப்பார்கள். உங்களுக்கும் அந்தக் காலத்தை நீங்களே அளித்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும் புத்தாண்டு அனைவர் இல்லத்திலும் நலம் பெருக்குவதாக!