கால் தட்டினால் கலையும் கோடுகள்

லேப் என்றதும் கண்ணாடிக் குடுவைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சில இயற்பியல் சோதனைகளுக்கு முதல் எதிரி, தெருவில் போகும் வண்டிதான்!

1881-ல் ஆல்பர்ட் மைக்கேல்சன் பெர்லினில் ஒரு கருவியை நிறுவினார். பணம் கொடுத்து உதவியவர் டெலிபோன் புகழ் கிரகாம் பெல். ஒளி பரவ ‘ஈதர்’ என்ற ஊடகம் இருப்பதாக விஞ்ஞானிகள் நம்பிய காலம் அது. அப்படி ஒன்று இருந்தால், பூமி ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்கிலும் ஒளியின் வேகம் வேறுபட வேண்டும். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் வரிவரியாகக் கோடுகள் தெரியும். கருவியைத் திருப்பும்போது அவை நகர்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கோடுகள் நின்றால்தானே பார்க்க முடியும்? பெர்லினில் நள்ளிரவில்கூட சற்று நேரம்தான் தெரிந்தன. கருவி போட்ஸ்டாம் வானாய்வகத்துக்குப் போனது. அங்கேயும் சுமார் 100 மீட்டர் தள்ளி யாராவது காலை ஓங்கித் தட்டினால் கோடுகள் காணாமல் போயின!

1887-ல் கிளீவ்லாந்தில் எட்வர்ட் மோர்லியுடன் சேர்ந்து மறுபடி முயன்றார். 1.5 மீட்டர் சதுரம், 30 செ.மீ. கனமுள்ள கல்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கருவியை வைத்தார்கள். கனமான கல் சின்ன அதிர்வுக்கு அசையாது, பாதரசத்தில் வழுக்கிக்கொண்டு சுழலும். எதிர்பார்த்த நகர்வு தெரியவில்லை. ‘கருவி ஆடியிருக்கும்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. 1905-ல் ஐன்ஸ்டைன், ஈதரே தேவையில்லை என்றார்.

இன்றைய லைகோ ஆய்வகத்தில் வேறு தந்திரம். நூலில் ஒரு சாவியைத் தொங்கவிட்டு, பிடித்த கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள்... சாவியும் கூடவே வரும். படபடவென்று அசைத்தால் சாவி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். லைகோவின் 40 கிலோ கண்ணாடிகள் இப்படித்தான் நான்கடுக்கு ஊசலில், மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்குகின்றன. மெதுவான ஆட்டத்தை சென்சார்கள் கண்டுபிடிக்க, இயந்திரங்கள் எதிர்த்திசையில் தள்ளி அடக்குகின்றன.

2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலை வந்தபோது கண்ணாடிகளின் இடைவெளி மாறியது, புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்குதான். லாரி ஏதாவது போயிருக்குமோ? சுமார் 3,000 கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு ஆய்வகங்களிலும் 7 மில்லிசெகண்ட் இடைவெளியில் அதே துடிப்பு பதிவாகியிருந்தது. எந்த லாரியாலும் அது முடியாது!