கல்லில் கிடக்கும் வினை

நைல் யாற்றின் பிலே தீவில், கி.பி. 394 ஆகஸ்ட் 24ஆம் நாள், எஸ்மெத்-அகோம் என்னும் பூசகன் மண்டுலிஸ் தெய்வத்தின் உருவருகே சில வரிகள் வெட்டினான். காலம் அறியப்பட்ட எகிப்தியப் பட எழுத்துகளுள் அவையே கடைசி. ஊழிதோறும் நிற்க என்று அவன் வேண்டிய எழுத்து நின்றது. ஓதும் நா ஓய்ந்தது. மூவாயிரம் ஆண்டு மன்னரை வாழ்த்தி, மாண்டோரை விளித்து, வெள்ளத்தின் வரவு சொல்லிய எகிப்திய வினைச்சொல்லே! நீ ஒழிந்தபின் உன் கூட்டை எண்ணிக்கொண்டிருக்கும் எம் கையறவு யாரிடம் உரைப்போம்?

எகிப்தியர் மெய்யொலிகளையே எழுதினர். ஏவலோ, எச்சமோ, முடிந்ததோ, முடியாததோ என்று பிரித்துக் காட்டிய உயிரொலிகள் அவர்தம் மூச்சில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. கேட்டலைக் குறிக்க ஆவின் செவியை வரைந்தனர். ஸ், ஜ், ம் என மூன்று மெய், அதன் பின்னே 'அவன்' எனக் குறிக்கும் ஃப். இன்று மாணவர் 'செஜெமெஃப்' என்று படிக்கும் எகரம் எல்லாம் நாம் இட்டு நிரப்பியவை. அந்த ஒரே கூடு 'கேட்கிறான்' என்றும் நிற்கும். 'அவன் கேட்க' என்று வியங்கோளாகவும், 'அவன் கேட்கையில்' என்று எச்சமாகவும் நிற்கும். தாய்வாய் கேட்டு வளர்ந்த குழவிக்கு இதில் மயக்கமே இல்லை. அறிஞர் ஜேதே எகிப்திய வினையைப் பற்றி 1899 முதல் 1902 வரை மூன்று பகுதிகளாக எழுதினார். கார்டினர் 1927இல் பேரிலக்கணம் செய்தார். பொலோட்ஸ்கி 1944இல் சில முற்றுகள் வாக்கியத்துள் பெயர்போல் நிற்பதைக் காட்டினார். இத்துணைப் பேரறிவும் அக்குழவியின் செவிக்கு ஈடாகவில்லையே!

இலக்கண நூலார் வாய்பாடாகக் கொண்டதும் கேட்டல் என்னும் வினையையே. அதுவோ தன் மூன்று மெய்யும் நிலைமாறாது அழுத்தமாய் நிற்பது. உள்ளே என்ன மாறினும் வெளியே காட்டாதது. மெலிந்த வினைகளே இரங்கி வழிகாட்டின. விரும்புதல் என்னும் வினை 'மெரெஃப்' என ஓரிடத்தும், 'மெரெரெஃப்' என ரகர மெய் இரட்டித்து மற்றோரிடத்தும் வரும். அந்த இரட்டிப்பைப் பற்றிக்கொண்டுதான் ஆய்வோர் இருளில் நடந்தனர்.

எத்தனை நுண்மை அந்த வினைக்கு! இடையே ஒரு 'ன்' புகுந்தால் செயல் முடிந்தது. 'இன்' புகுந்தால் 'அதன்பின் கேட்டான்'. 'கெர்' புகுந்தால் 'கேட்டே ஆகவேண்டும்'. மருத்துவச் சுவடிகள் வைத்தியனுக்குக் கடமை விதித்தது இவ்வடிவில். இவை எல்லாவற்றினும் என் நெஞ்சை அறுப்பது ஒன்றுண்டு: எதிர்மறையோடு 'த்' சேர்ந்து, 'இன்னும் நிகழாத முன்னர்' என்று பொருள்படும் வடிவம். கப்பல் உடைந்து கரையேறியவன் என்னும் எகிப்தியப் பழங்கதையில் நூற்றிருபது மாலுமிகள் வருகின்றனர். புயல் எழுமுன்னே புயலை உரைக்க வல்லவர் என்று அவர்களைப் புகழுமிடத்தில் இவ்வடிவே வருகிறது. உரைக்க வல்லவர் அனைவரையும் கடல் கொண்டது; எஞ்சியவன் ஒருவன்.

எகிப்தின் அபிடோஸ் நடுகற்களில் மாண்டோர் வழிப்போக்கரை அழைக்கின்றனர்: உண்டியும் நீரும் இல்லையாயினும் போகட்டும், எமக்காக வாய்திறந்து ஒரு வாழ்த்துச் சொல்லிச் செல்லுங்கள் என்று. அவர் கேட்டது வாயின் மூச்சு ஒன்றையே. சொல்ல நாம் ஆயத்தம். எவ்வுயிரொலியால் சொல்வது?

அறிஞர் ஷாம்போல்லியோன் 1822இல் அந்தப் பட எழுத்தின் பூட்டைத் திறந்தார்; காப்டிக் மொழியை அறிந்திருந்ததால் திறந்தார். தாம் எழுதிய இலக்கணம் அச்சேறுமுன் 1832இல், நாற்பத்தொரு வயதில் மறைந்தார். எகிப்தியத்தின் கடைசி வடிவமான காப்டிக், கிரேக்க எழுத்தை ஏற்றதால் உயிரொலிகளையும் எழுதிற்று. கேட்டல் என்னும் தொழிற்பெயர் அங்கே 'ஸோதம்' என முழுதாய் ஒலிக்கிறது. ஆயினும் அந்தோ, அதற்குள் பழைய முற்றுகள் பெரும்பாலும் மாய்ந்துவிட்டன. 'செய்' என்னும் வினை துணையாய் வந்து, 'கேட்டல் செய்தான்' என்னும் தொடர் அவற்றின் இடத்தைக் கொண்டது. அந்தச் 'செய்'யும் தேய்ந்து, 'அஃப்ஸோதம்' என்பதன் முதல் அகரமாய்ச் சுருங்கிற்று. உயிரொலியை எழுத வல்ல கை வந்தபோது, எழுதப்படவேண்டிய வினை வாயில் இல்லை.

அவற்றுள் ஒன்று ஒளிந்து பிழைத்தது. 'அவன் வாழக் கொடு' என்னும் பழந்தொடர் இறுகி, 'வாழச்செய்' என்று பொருள்படும் 'தன்ஹோ' என்ற ஒரே சொல்லாயிற்று. அதன் ஈற்றில் அழுத்தம் பெற்று நிற்கும் ஓகாரம் அந்தப் பழைய வியங்கோளுக்கே உரியது என்பர் அறிஞர். காப்டிக் திருச்சபையார் தூய ஆவியை உயிரளிப்பவர் என்று போற்றுகையில், சிறிதே ஒலி திரிந்து, அச்சொல் இன்றும் அவர் வழிபாட்டில் வருகிறது.