சனிக்கிழமைச் சம்பளமும் மூன்று வட்டியும்

சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளத்தை எண்ணி வாங்கும் டெய்லர் ஒருவர், தம் குமாரனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 'மூன்று வட்டி'க்குக் கடன் வாங்கும்போது, அது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 36 சதவீதம் என்பதை, வர்த்தக சாஸ்திரம் பயிலும் அக்குமாரனே கணக்கிட்டுப் பாராதிருப்பது எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது.

வட்டிக் கணக்கு இப்படியிருக்க, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளின் மீது 50 சதவீதம் வரையில் தீர்வை விதித்து, திருப்பூரில் ஆர்டர்கள் தயங்கி நின்ற பிற்பாடு, ஏற்றுமதியென்றால் என்னவென்று இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வருங்கால வைப்பு நிதியும் அந்த வட்டியைப் போலவே இன்னும் மர்மமாக இருக்கிறது. சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தால் முகம் சுளிக்கிறோம். ஆனால் முதலாளியும் அதற்கு ஈடாகச் செலுத்தக் கடமைப்பட்டவர். பீஸ் ரேட்டில் தைக்கும் பலருக்கு அந்தப் பிடித்தமே கிடையாதென்பது தனி வியாசத்துக்குரிய விஷயம்.