இரசாயனவியல் இல்லாத விண்ணப்பம்

யூன் 8, 2025

ஸ்காபரோ கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். “பிள்ளை, நீ ஏ.எல்.லில பயோ செய்யேல்லைத்தானே? பிறகு என்னண்டு மெடிசினுக்குப் போடுறாய்?”

நான் ஏ.எல்.லே எழுதவில்லை, சின்ன வயதிலேயே கனடா வந்துவிட்டேன் என்று சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இலங்கையில் ஓ.எல். முடிந்த கையோடு பிரிவைத் தெரிவு செய்தாக வேண்டும். கலைப் பிரிவுக்குப் போனால் மருத்துவ பீடம் அன்றோடு சரி. பயோ எடுத்தவருக்கும் இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா எல்லாம் தாண்ட வேண்டும். சித்தப்பா அனுமதிக்கப்பட்ட மூன்று தடவையும் எழுதிப் பார்த்துவிட்டு விஞ்ஞான வாத்தியார் ஆனவர்.

நான் யோர்க் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். முதலாம் வருடத்தில் கட்டாயத்துக்கு எடுத்த ஓர் உயிரியல் பாடம்தான் என் பெறுபேற்றுத் தாளில் இருக்கிற விஞ்ஞானம் முழுவதும்.

யூன் 21

ஒன்ராறியோ மருத்துவ பீடங்களுக்கு ஓம்சாஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம். உள்ளே போனால் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒவ்வொரு சட்டம்.

மக்மாஸ்டர் எந்தப் பாடமும் கேட்பதில்லை. வெஸ்டர்னும் குயின்ஸும் அப்படித்தான். ஆனால் அந்த இரண்டும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை விடுவதில்லை. அதன் நான்கு பகுதிகளில் இரண்டு இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல், உயிர் இரசாயனவியல் என்று நிறைந்து கிடக்கின்றன. முன்வாசலில் கேட்காததைப் பின்வாசலில் கேட்கிறார்கள். குயின்ஸ் இன்னொரு புதுமையும் செய்திருக்கிறது: குறைந்தபட்சத் தகுதி உள்ளவர்களைக் குலுக்கலில் போட்டு, விழுந்தவர்களை அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் முறை 2025 சேர்க்கையோடு தொடங்கியது. எனக்கு அது பிடித்திருக்கிறது. குலுக்கல் யாருடைய அப்பா டொக்டர் என்று பார்க்காது.

சட்பரியிலும் தண்டர் பேயிலும் இயங்கும் வட ஒன்ராறியோ பீடத்துக்கு எம்கேட்டும் வேண்டாம். ஆனால் அது வடக்கில் வளர்ந்தவர்களுக்காக, பழங்குடியினருக்காக, பிரெஞ்சு பேசுபவர்களுக்காக உருவான பீடம். ஸ்காபரோக்காரி அங்கே போட்டி போடுவது காசுக்கும் கேடு, நியாயத்துக்கும் கேடு. அதை வெட்டிவிட்டேன்.

யூலை 5

மருத்துவம் படிக்க வருமுன் விஞ்ஞானப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? வரலாறு படித்தவளுக்கு வேறென்ன வேலை, தேடிப் போனேன்.

1910இல் கார்னகி நிறுவனத்துக்காக ஏபிரகாம் ஃபிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை எடைபோட்டது அது. காசு கட்டினால் பட்டம் தரும் கடைகள் மலிந்திருந்த காலம். மாணவர் உள்ளே வரும்போதே இரசாயனவியலும் உயிரியலும் பௌதிகவியலும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். மக்கில், ரொறொன்ரோ இரண்டையும் புகழ்ந்தார். வெஸ்டர்னைக் கிழித்துப் போட்டார். இன்று பாடங்களே வேண்டாம் என்று சொல்லும் அதே வெஸ்டர்ன்தான்!

ஃபிளெக்ஸ்னர் மருத்துவர் அல்ல. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் அவர் படித்தது கிரேக்க, இலத்தீன் இலக்கியம். லூயிவிலில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவர் போட்ட விதியின்படி அவரையே உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். அன்றைய நோயாளிகளைப் போலி டொக்டர்களிடமிருந்து காப்பாற்ற அந்த விதி தேவைப்பட்டது. நூறு வருடத்துக்குப் பிறகும் அதே பட்டியலைச் சடங்காகக் காப்பதுதான் கேள்வி.

யூலை 19

மக்மாஸ்டர் எம்கேட்டில் பார்ப்பது ‘கார்ஸ்’ என்ற வாசிப்புப் பகுதியை மட்டும். தேர்வு முழுவதும் எழுதத்தான் வேண்டும், கணக்கில் வருவது அது ஒன்றே. 90 நிமிடம், 9 பத்திகள், 53 கேள்விகள். தத்துவம், கலை, பொருளாதாரம், வரலாறு என்று எங்கிருந்தும் பத்தி வரும்.

எனக்கு இது வெல்லமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாசிப்பதுதானே உன் தொழில் என்கிறார்கள். வரலாற்று மாணவிக்கு இதில் ஒரு பொறி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் இன்னொன்றோடு வைத்துப் பார், எழுதியவரைச் சந்தேகி என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். கார்ஸில் விடை அந்தப் பத்திக்குள்ளேயே இருக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி பற்றி ஒரு பத்தி வந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது. ஓவியக் கோட்பாடு வந்தால்தான் நிம்மதி, அதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஓகஸ்ட் 10

வேலைக்குப் போய் வந்தேன். மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை. டொக்டர் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும், நோயாளி சொல்வதை அப்படியே திருப்ப வேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது. இன்று ஓர் அம்மம்மா குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுவதாகச் சொன்னார். டொக்டர், “ஏன்?” என்றார். “முழுசாப் போட்டால் தலை சுத்துது தம்பி, விழுந்தால் ஆர் தூக்குறது?” அவர் தனியே இருக்கிறாரா என்பதை அறிய அடுத்த கேள்வி ஒன்று வேண்டும். அதைக் கேட்கும் உரிமை என்னிடம் இல்லை. இன்றைய டொக்டர் நல்லவர், கேட்டார். எல்லோரும் கேட்பதில்லை.

கேள்வி கேட்கும் கதிரையில் உட்கார வேண்டும் என்று தோன்றியது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

இரவு நியூயோர்க் மவுண்ட் சைனாய் மருத்துவ பீடத்தின் கதையை மறுபடி வாசித்தேன். 1987இல் தொடங்கிய திட்டம். இலக்கியம், வரலாறு படிக்கும் பிள்ளைகளை எம்கேட் இல்லாமல், சேதன இரசாயனவியலும் பௌதிகவியலும் வழக்கம்போலப் படிக்காமலே எடுத்தார்கள். 2010இல் அந்தப் பீடமே ஆய்வு வெளியிட்டது. முதல் உரிமத் தேர்வில் அவர்கள் கொஞ்சம் குறைவு. வார்டுப் பயிற்சிக்கு வந்தபோது மற்றவர்களுக்குச் சமம். படிப்பை இடையில் நிறுத்தி விடுப்பு எடுத்தவர்கள் அவர்களிடையே கூடுதல். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை. பாடம் படிக்காமல் உள்ளே போகிறவர் அந்தப் பாரத்தை உள்ளே சுமக்கிறார்.

மக்மாஸ்டரிலோ மூன்று வருடத்தில் படிப்பு முடிகிறது, நீண்ட கோடை விடுமுறை கிடையாது. 1969இல் 20 மாணவர்களோடு தொடங்கி, விரிவுரையை விட்டுச் சிறு குழுக்களில் நோயாளியின் பிரச்சினையிலிருந்து கற்பிக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்த இடம். இரசாயனவியல் தெரியாதவள் தன் குழுவின் கேள்விக்கு இரவிரவாகத் தேடிப் படித்து வர வேண்டும். சலுகை என்று நினைத்துப் போகிறவர் அங்கே கஷ்டப்படுவார்.

செப்ரெம்பர் 14

பிரம்டனில் ரொறொன்ரோ மெற்றோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் புது மருத்துவ பீடம் இந்த மாதம் திறந்துவிட்டது. 94 இடங்கள், எம்கேட் இல்லை. பட்டியலில் சேர்த்தேன்.

காஸ்பர் தேர்வும் முடிந்தது. கணினியில் ஒரு சிக்கலைக் காட்டி ‘நீ என்ன செய்வாய்’ என்று கேட்பார்கள். மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். மக்மாஸ்டரில் பிறந்த தேர்வு. என் மதிப்பில் அது பாதி மனிதத்தைச் சோதிக்கிறது, பாதி தட்டச்சு வேகத்தை.

செப்ரெம்பர் 29

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

அரசறிவியல் இரண்டாம் வருடம் படிக்கும் மச்சாள் போன் எடுத்தாள். டிகிரியை விட்டுவிட்டு முதலில் இருந்து சயன்ஸ் செய்யவா அக்கா என்றாள். செய்யாதே என்றேன். முதலில் எந்தப் பீடத்துக்குப் போட நினைக்கிறாய் என்று எழுது. ஒவ்வொன்றின் இந்த வருடச் சட்டத்தை வாசி, போன வருடத்தை நம்பாதே. இப்போது படிக்கிற பாடங்களில் புள்ளியைக் காப்பாற்று. மக்மாஸ்டரில் முதலாம் வருடப் பாடத்துக்கும் கடைசி வருடப் பாடத்துக்கும் ஒரே நிறைதான், வரலாற்றுத் துறையிலும் உன் துறையிலும் தொண்ணூறு போடும் பேராசிரியர் அபூர்வம். எம்கேட் விஞ்ஞானம் வேண்டுமென்றால் ஒரு கோடையில் புத்தகம் வைத்துப் படிக்கலாம். இன்னொரு டிகிரிக்குக் காசு கட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.