வண்டு, வலயம், என்ன

தம்பிக்கு வண்டு என்றால் வானத்தில் இரைந்துகொண்டு சுத்துறது. ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னியில் அதுதான் பெயர், ஆர் வைச்சதோ. 2010இல் நாங்கள் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபிறகு ஒருநாள் பயறு புடைத்துக்கொண்டிருந்த அம்மம்மா, "ஐயோ, வண்டெல்லோ விழுந்திட்டுது" எண்டா. அவன் முற்றத்தில் குப்புறப் படுத்திட்டான். அப்ப அவனுக்கு ஐந்து வயது.

பள்ளிக்கூடத்தில் புதுச்சொல் என்றால் கருத்து எழுதி, வாக்கியத்தில் அமைத்துக் காட்டவேணும். 2008 கடைசியில் அதுக்கெல்லாம் நேரமில்லை. ஒராள் "கிபிர்" எண்டு கத்தினால் அம்மா எந்தப் பக்கம் இழுக்கிறாவோ அதுதான் கருத்து. "குத்துறான்" என்றால் செல் புறப்பட்டிட்டுது, வந்து விழச் சில விநாடிகள் இருக்கு, அதுக்குள்ள பங்கருக்குள்ள இறங்கோணும்.

1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற ஆய்வாளர்கள் செய்த பரிசோதனை ஒன்றைப் பிறகு வாசித்தேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம், நீலத் தட்டு இல்லை, குரோமியத் தட்டை எடுத்து வா என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியொரு நிறத்தைப் பிள்ளைகள் கேள்விப்பட்டதேயில்லை. ஆனாலும் சரியான தட்டை எடுத்தார்கள். ஒருதரம் கேட்டாலே பாதிக் கருத்து ஒட்டிவிடும், மீதி வர நாள் செல்லும்.

எனக்கு அந்தப் பாதிதான் பிரச்சினை. வலயம் என்றால் நான் அறிந்தது கல்வி வலயம், வலயமட்டப் போட்டி. 2009 ஜனவரி 21ஆம் திகதி பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே 35.5 சதுர கிலோமீற்றரைப் 'பாதுகாப்பு வலயம்' என்று அரசாங்கம் அறிவித்தது. மதிலும் கேற்றும் போட்ட பெரிய இடமொன்று வரப்போகுது எண்டு நினைச்சுக்கொண்டு நடந்தேன். உடையார்கட்டில் மதிலுமில்லை, கேற்றுமில்லை. செல் மட்டும் வந்தது. பெப்ரவரி 12இல் அதே சொல் மாத்தளன் கரைக்குப் போய்விட்டது. நாங்களும் அதுக்குப் பின்னால போனம். பிறகு செட்டிகுளத்து முகாமிலும் வலயம்தான், இலக்கம் போட்டது.

தண்ணி வரிசையில் ஒரு ஆமிக்காரர் அம்மம்மாவைப் பார்த்து "என்ன" என்றார். சிங்களத்தில் அது 'வாங்கோ'. எங்களுக்கு ஆர் சொன்னது?

"ஒண்டுமில்லைத் தம்பி" எண்டு அம்மம்மா நிண்ட இடத்திலயே நிண்டா.

"என்ன!"

"ஒண்டுமில்லையப்பு."

மூன்றாம் தரம் குரல் ஏறியது. எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. பின்னால நிண்ட ஒரு அக்கா அம்மம்மாவின் முதுகில் கை வைத்து முன்னுக்குத் தள்ளிவிட்டா. அம்மம்மாவின்ர வாளி நிரம்பியது.

அன்றிரவே அந்த அக்காவிடம் கேட்டுப் படித்தேன். என்ன - வாங்கோ, யன்ன - போங்கோ, இன்ன - இருங்கோ. அம்மம்மா யன்னவையும் இன்னவையும் கடைசிவரைக்கும் மாத்தித்தான் சொன்னா. முதலாவது மட்டும் பிழைக்கேல்லை. வீடு திரும்பிக் கனகாலத்துக்குப் பிறகும், ஆரும் கொஞ்சம் உரத்து "என்ன அம்மம்மா?" எண்டு கேட்டால் ஒரு அடி முன்னுக்கு வருவா.